கல்லுக்கடியில் பாவாடை: பெண்களின் மலை ஜக்கெட் வந்த வழி

மலையேறப் போகிற தோழிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "நல்ல மழை ஜக்கெட் ஒண்டு வாங்கோணும், எதைப் பார்த்து வாங்கிறது?" கேள்வி சின்னது, விலை சின்னதல்ல. ‘ஹார்ட்ஷெல்’ என்ற பெயரில் வெளிநாட்டுக் கடைகளில் தொங்குகிற நல்ல ஜக்கெட் ஒன்றுக்குப் பல நூறு டொலர் கொடுக்க வேண்டும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய பிறகு இடுப்பில் இறுக்கினால், கையைத் தூக்கும்போது வயிறு தெரிந்தால், யாரிடம் போய் முறையிடுவது?

ஹார்ட்ஷெல் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். மழை, பனி, காற்று மூன்றையும் வெளியே நிறுத்தி, உடம்பிலிருந்து எழும் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடுகிற மெல்லிய மேலாடை அது. அது சூடு தராது. சூடு தருவது உள்ளே போடுகிற கம்பளியும் ஃபிளீஸும்தான். அவை நனையாமல் பார்ப்பதே இதன் வேலை. மலையில் இது அலங்கார விஷயமல்ல. நனைந்த உடம்பு காய்ந்த உடம்பைவிட மிக வேகமாகச் சூட்டை இழக்கும். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும். அதற்குப் பனி பெய்ய வேண்டும் என்றில்லை. காற்றோடு சேர்ந்த குளிர் மழையே போதும்.

இப்போது கடையில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்று தொங்குகிறது. இரண்டாவது வரிசை மிகப் பிந்தித்தான் வந்தது. அது இல்லாத காலத்திலும் பெண்கள் மலையேறினார்கள், நனைந்தார்கள், தங்களுக்கானதைத் தாங்களே தைத்தார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், ஜக்கெட்டில் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியும் என்பது எங்கள் எண்ணம்.

தைத்துக்கொண்டு போனவர்கள்

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் உயர்ந்தது மொன் பிளாங். 1808இல் அதன் உச்சிக்குப் போன முதல் பெண் மரி பரடி, மலையடிவாரத்துச் சாமொனி ஊரில் வேலைக்காரியாக இருந்தவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1838இல், ஹென்றியெட் டாஞ்செவில் என்ற பிரபுகுலப் பெண் 44 வயதில் அதே மலைக்குப் போனார். இவருடைய உடுப்புப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஏனென்றால் பெண்ணொருத்தி மலையேறுவதற்கென்று விற்பனைக்கு ஒரு துணியும் இல்லாத காலத்தில், அவர் தன் உடுப்பைத் தானே திட்டமிட்டுத் தைப்பித்துக்கொண்டார். ஃபிளனல் துணியில் உட்புறம் வைத்த கட்டம்போட்ட கம்பளிக் களிசான், அதற்கு மேலே நீண்ட அங்கி, மென்மயிர் வைத்த தொப்பி, கழுத்துக்குச் சுற்ற ஒரு நீண்ட துண்டு. களிசான் உள்ளே, அங்கி வெளியே. உடம்புக்குத் தேவையானது உள்ளே ஒளிந்திருக்க, ஊருக்குத் தேவையானது வெளியே தெரிந்தது.

அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மலையேறிய பெண்களின் உடுப்பு இந்த ஒழுங்கில்தான் இருந்தது. 1871இல் லூசி வோக்கர் மெட்டர்ஹோர்ன் சிகரத்தில் ஏறிய முதல் பெண்ணானார். பாவாடையோடுதான் ஏறினார். கம்பளிப் பாவாடை நனைந்தால் தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், பனியில் விறைக்கும், அதன் விளிம்பு சின்னக் கல்லுகளைத் தட்டிக் கீழே வருகிறவர்களின் தலையில் விழுத்தும். 1859இல் திருமதி கோல் என்ற பிரித்தானியப் பெண் தன் பயண நூலில் மற்றப் பெண்களுக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். பாவாடையின் உட்பக்கத்தில் சின்ன வளையங்களைத் தைத்து, அவற்றுக்குள்ளே ஒரு கயிற்றைக் கோர்த்துவிட்டால், தேவையான நேரத்தில் ஒரே இழுவையில் பாவாடையை மேலே தூக்கலாம். யன்னல் திரைச்சீலையைத் தூக்குகிற மாதிரி. இண்டைக்கு ஜக்கெட்டின் கீழ் விளிம்பில் இருக்கிற இழுகயிற்றைப் பார்க்கும்போது எங்களுக்குத் திருமதி கோலின் நினைவுதான் வருகிறது.

இன்னும் சிலர் வேறு வழி பார்த்தார்கள். ஊரைத் தாண்டும் மட்டும் பாவாடை. கடைசி வீடு மறைந்ததும் அதைக் கழற்றி ஒரு கல்லுக்கடியில் வைத்துவிட்டு, உள்ளே போட்டிருந்த களிசானோடு ஏறுவார்கள். இறங்கி வரும்போது மறுபடி பாவாடை. லிஸி லு புளோண்ட் இப்படிக் கழற்றிவைத்த பாவாடையை மறந்துவிட்டு ஊர் எல்லை வரை வந்து, அது இல்லாமல் உள்ளே போக முடியாதென்று திரும்பவும் மேலே போனார் என்று ஒரு கதை மலையேறிகளிடையே பல விதமாகச் சொல்லப்படுகிறது. சிரிக்கத்தான் வரும். ஆனால் களைத்த உடம்போடு, வெளிச்சம் குறைகிற நேரத்தில், ஒரு துணிக்காக மலைக்குத் திரும்புவது உயிரோடு விளையாடுகிற வேலை. அந்த லிஸிதான் 1907இல் லண்டனில் தொடங்கிய பெண்கள் அல்பைன் சங்கத்தின் முதல் தலைவர். 1857இல் தொடங்கிய பழைய அல்பைன் சங்கம் பெண்களைச் சேர்க்காததால் பெண்கள் தனியாக ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. பழைய சங்கம் கதவைத் திறந்தது 1970களின் நடுப்பகுதியில். நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல்!

1895இல் அமெரிக்கரான அனி ஸ்மித் பெக் மெட்டர்ஹோர்னில் களிசானோடு வெளிப்படையாகவே ஏறினார், பாவாடை இல்லாமல். மலை ஏறியதைவிட இதுதான் பத்திரிகைகளில் பெரிய விவாதமானது. பிறகு 1908இல், 57 வயதில், பெரு நாட்டின் ஹுவாஸ்கரான் வடக்குச் சிகரத்தில் ஏறியபோது அவர் குளிருக்குப் போட்ட கம்பளி முகமூடியில் மீசை வரைந்திருந்தது. முகமூடி செய்தவர்களின் மனதில் மலைக்குப் போகிற முகம் எது என்பதைச் சொல்ல இந்த மீசை ஒன்றே போதும்.

நனையாத துணிக்கு வியர்வை ஒரு பிரச்சினை

இதே காலத்தில் நனையாத துணியைத் தேடும் வேலையும் நடந்தது. 1823இல் ஸ்கொட்லாந்தின் சார்ள்ஸ் மக்கின்டோஷ் இறப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, ஒட்டி, காப்புரிமை பெற்றார். மழை புகவில்லை. ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் பலகையாக விறைத்தது, மணத்தது. இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை 1840களில் வந்த பிறகு பிசுபிசுப்புத் தீர்ந்தது. வியர்வை தீரவில்லை. தண்ணீர் உள்ளே வராத துணியில் ஆவி வெளியே போகாது. மலை ஏறுகிறவர் வெளியே மழையிலும் உள்ளே வியர்வையிலும் சேர்ந்தே நனைந்தார்.

இறப்பரின் கதையில் எங்கள் தீவும் வருகிறது. பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, 1876இல் கன்றுகளைக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து இறப்பர் தோட்டங்கள் பெருகின. ஐரோப்பாவில் மழையை மறிக்கிற துணிக்குப் பால் கொடுத்த மரங்களை, மழைக்காலத்தில் இங்கே வெட்டி நின்றவர்களின் தோளில் என்ன இருந்தது என்ற கேள்வியைக் கடைசியில் எடுப்போம்.

இறப்பரை விட்டு வேறு வழி தேடியவர்களும் உண்டு. 1877இல் நோர்வேயில் ஹெலி யுவெல் ஹான்சன் என்ற கப்பல் தலைவரும் அவர் மனைவி மார்கிரெட்டும் முரட்டு லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து மாலுமிகளுக்கு உடுப்புத் தைத்தார்கள். இங்கிலாந்தின் தோமஸ் பர்பரி, நூலை நெய்வதற்கு முன்னமே நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, மிக நெருக்கமாக நெய்த காபடீன் துணியை 1879இல் உருவாக்கி 1888இல் காப்புரிமை பெற்றார். காபடீன் முழுக்க நீர்புகாத் துணி இல்லை. ஆனால் காற்றை மறித்தது, தூறலைத் தாங்கியது, ஆவியை ஓரளவு வெளியே விட்டது. தென்துருவம் போனவர்களும் 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜோர்ஜ் மலரியும் போட்டது இதைத்தான்.

இந்தப் பெயர்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். மாலுமி, படைவீரர், துருவப் பயணி, பிறகு விமானி. இரண்டாம் உலகப்போரில் கடலில் விழுகிற பிரித்தானிய விமானிகளுக்காக மஞ்செஸ்டரில் உருவாக்கிய வென்டைல் என்ற பருத்தித் துணி, நனையும்போது நூல் ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதுவும் பிறகு மலைக்கு வந்தது. கடுங்காலநிலைக்கான உடுப்புக்குக் காசு போட்டவை படைகளும் கடல் தொழிலும் ஆய்வுச் சங்கங்களும். அங்கெல்லாம் அளவு எடுக்க நின்ற உடம்பு ஆணுடம்பு. பெண்ணை வேண்டுமென்று ஒருவர் விலக்கினார் என்று சொல்ல வரவில்லை. அளவெடுக்கிற அறைக்குள்ளே அவள் இருக்கவே இல்லை.

கார் இருக்கை உறையில் தைத்த கையுறை

1969இல் ஜப்பானில் ஜுன்கோ தபெய் பெண்களுக்கென்று ஒரு மலையேற்றக் கழகத்தைத் தொடங்கினார். 1970இல் அந்தக் குழு அன்னபூர்ணா 3 சிகரத்தை எட்டியது. அடுத்தது எவரெஸ்ட். காசு தேடிப் போன இடங்களில் கிடைத்த பதில் நம்மூருக்கும் புதிதில்லை: பொம்பிளையள் வீட்டில இருந்து பிள்ளையை வளர்க்கலாம்தானே! தபெய்க்கு அப்போது ஒரு சின்ன மகள் இருந்தாள். அவர் பியானோ சொல்லிக்கொடுத்தும் காசு சேர்த்தார். கடைசியில் ஒரு பத்திரிகையும் தொலைக்காட்சியும் உதவின. அதுவும் போதவில்லை. அதனால் கார் இருக்கைகளின் உறையை வெட்டி நீர்புகாக் கையுறையும் பைகளும் தைத்தார்கள். பழைய திரைச்சீலை களிசானானது. சீனாவிலிருந்து வாத்து இறகு வாங்கி உறங்குபைகளைத் தாங்களே அடைத்தார்கள்.

மே 4ஆம் திகதி அவர்களின் முகாமைப் பனிச்சரிவு மூடியது. தபெய் பனிக்குள்ளே புதைந்து மயங்கினார். ஷெர்பாக்கள் இழுத்து எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, 1975 மே 16இல், ஐந்து அடி கூட உயரமில்லாத அந்தப் பெண் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். உலகில் முதல் பெண். பதினொரு நாளில் திபெத்தியரான பந்தொக் வடக்குப் பக்கத்தால் ஏறினார்.

டாஞ்செவில் உடுப்புத் தைப்பித்த 1838க்கும் தபெய் கையுறை தைத்த 1975க்கும் இடையில் 137 ஆண்டுகள். டாஞ்செவிலிடம் காசு இருந்தது, தபெய் குழுவிடம் இல்லை. மற்றபடி இருவரின் நிலையும் ஒன்றுதான்: வேண்டியதைத் தாங்களே உண்டாக்கினார்கள்.

1969இல் ஒரு இழுவை

தபெய் கழகம் தொடங்கிய அதே 1969இல், அமெரிக்காவின் டெலவெயரில் பொப் கோர், சூடாக்கிய பிடிஎஃப்ஈ தண்டு ஒன்றை மெதுவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டாத சட்டிகளில் பூசுகிற டெஃப்லோன் அதுதான். மெதுவாக இழுத்தால் முறிந்தது. சலித்துப்போய் வெடுக்கென்று இழுத்தார். தண்டு முறியாமல் எட்டு மடங்கு அளவுக்கு நீண்டது. நீண்ட பொருளில் நுண்துளைகள். கம்பனி சொல்கிற கணக்கில் ஒரு சதுர அங்குலத்துக்கு 900 கோடி. ஒவ்வொரு துளையும் நீர்த்துளியை விடப் பல்லாயிரம் மடங்கு சிறிது. நீராவி மூலக்கூறை விடப் பல நூறு மடங்கு பெரிது. மழை நுழையாது, ஆவி வெளியேறும். மக்கின்டோஷ் காலத்திலிருந்து நின்ற பிரச்சினைக்கு ஒரு விடை கிடைத்தது. 1976இல் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் உடுப்பும் கூடாரமும் சந்தைக்கு வந்தன. முதலில் வந்தவை உடம்பு எண்ணெய் பட்டு ஒழுகின. உள்ளே இன்னொரு பூச்சுச் சேர்த்து, தையலோட்டைகளை நாடாவால் அடைத்த பிறகுதான் துணி நம்பிக்கைக்குரியதானது.

1978இல் ஆர்லீன் ப்ளூம் என்ற அமெரிக்கப் பெண் தலைமையில் பெண்கள் குழுவொன்று 8091 மீற்றர் உயரமான அன்னபூர்ணாவுக்குப் போனது. ஒரு காலத்தில் அலாஸ்காவின் டெனாலி மலைப் பயணத்துக்கு அவர் விண்ணப்பித்தபோது, பெண்கள் அடிவார முகாம் வரை வந்து சமையலுக்கு உதவலாம் என்று பதில் வந்திருந்தது. அவர் 1970இல் பெண்கள் மட்டுமான குழுவோடு டெனாலியில் ஏறிக் காட்டினார். அன்னபூர்ணாவுக்குக் காசு சேர்க்க, ‘பெண்ணின் இடம் உச்சியில்’ என்ற கருத்தில் வாசகம் அச்சடித்த டீ-சேர்ட்டுகளை விற்றார்கள். ஒக்டோபர் 15இல் இரு பெண்களும் இரு ஷெர்பாக்களும் உச்சியைத் தொட்டார்கள். அடுத்ததாக ஏறிய இரு பெண்கள் இறந்துபோனார்கள். வெற்றியும் இழப்பும் ஒரே பயணத்தில். ப்ளூமின் பெயரை நினைவில் வைத்திருங்கோ, பிறகு வருவார்.

பெண்கள் மலைக்கு வருகிறார்கள் என்பதைக் கம்பனிகள் பிந்தித்தான் கண்டுகொண்டன. முதலில் செய்தது சுலபமான வேலை: ஆணின் ஜக்கெட்டைச் சுருக்கி, இளஞ்சிவப்புச் சாயம் போடுவது. தோள் சரியென்றால் இடுப்பு பிடிக்கும், இடுப்பு சரியென்றால் தோள் தொங்கும். பிறகு மறுபக்கம் போனார்கள். பெண்ணென்றால் இடை ஒடுங்க வேண்டும் என்று, உள்ளே கம்பளி போட இடமில்லாத அளவுக்கு ஒடுக்கித் தைத்தார்கள். உடம்பை அளந்து, கையைத் தூக்கிப் பார்த்து, இடுப்பெலும்புக்கும் மார்புக்கும் இடம் வைத்துத் தைக்கிற பழக்கம் மெல்லமெல்லத்தான் வந்தது. எல்லா அளவுக்கும் இன்னும் வரவில்லை.

அப்ப, எதைப் பார்த்து வாங்கிறது?

முதலில், எந்த மலைக்கு? சிவனொளிபாதமலையில் இரவு நடக்கிற ஒருவருக்கு மூன்றடுக்கு ஹார்ட்ஷெல் தேவையில்லை. துளைவழியே ஆவி வெளியேற, உள்ளே சூடும் ஈரமும் வெளியிலும் பார்க்கக் கூட இருக்க வேண்டும். எங்கள் மலைகளில் மழைக்காலக் காற்றே ஈரமானது. அங்கே விலை கூடிய சவ்வும் திணறும். மெல்லிய மழைக்கோட்டும் மாற்றுச் சட்டையும் போதும். நேபாளத்திலோ அல்ப்ஸிலோ கயிறு கட்டி ஏறுவது, பனியில் சறுக்குவது என்றால்தான் கீழே சொல்கிறவை.

இரண்டு, அடுக்கு. இரண்டரை அடுக்குத் துணி பாரம் குறைந்தது, பையில் சுருட்டி வைத்து அவசரத்துக்கு எடுக்கலாம். மூன்றடுக்கில் சவ்வு இரண்டு துணிகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கும். பாறையில் உராயவும், பாரமான முதுகுப்பைக்குக் கீழே நாட்கணக்கில் போடவும் இதுதான் தாக்குப்பிடிக்கும்.

மூன்று, எண்கள். 20,000 மி.மீ. என்று போட்டிருந்தால், அவ்வளவு உயர நீர்நிரலின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். முதுகுப்பையின் பட்டி அழுத்துகிற தோளிலும் முழங்கால் போட்டு இருக்கும்போதும் இந்த எண் உதவும். ஆவி வெளியேற்றத்துக்கு ஆர்.ஈ.டி என்ற எண்: குறைவென்றால் நல்லது, 6க்குக் கீழே மிக நல்லது, 20க்கு மேலே உள்ளுக்குள் குளிப்புத்தான். கம்பனிக்குக் கம்பனி பரிசோதனை முறை மாறும் என்பதால் எண்களை மட்டும் நம்பாமல் அக்குளில் ஸிப் இருக்கிறதா என்று பாருங்கோ. எந்தச் சவ்வையும் விட வேகமாக ஆவியை விடுவது திறந்த ஸிப்தான்.

நான்கு, உடம்பு. கடைக்குப் போகும்போது உள்ளே போடப் போகிற கம்பளி உடுப்பையும் கொண்டு போங்கோ. அதைப் போட்டு, மேலே ஜக்கெட்டைப் போட்டு, இரண்டு கையையும் மேலே தூக்குங்கோ. கீழ் விளிம்பு இடுப்புக்கு மேலே ஏறினால் அந்த ஜக்கெட் வேண்டாம். கயிற்றுப் பட்டிக்குள்ளே அது நிற்காது. இரண்டு கையையும் முன்னே கட்டிப் பாருங்கோ: முதுகு இழுக்கக் கூடாது, மார்பில் ஸிப் விரியக் கூடாது. ஒரு காலைத் தூக்கிக் கதிரையில் வையுங்கோ: இடுப்பில் பிடிக்கக் கூடாது. பொக்கெட்டுகள் முதுகுப்பையின் இடுப்புப் பட்டிக்கு மேலே இருக்க வேண்டும். ஆண்களுடைய அதே மொடலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கோ: பொக்கெட் குறைந்திருக்கிறதா, நீளம் குறைந்திருக்கிறதா, விலை மட்டும் குறையாமல் இருக்கிறதா? ஆண்களின் வெட்டு உங்களுக்குப் பொருந்தினால் அதையே வாங்குங்கோ. லேபிள் மழையைத் தடுக்காது.

ஐந்து, தலை. கொண்டை போட்டபடி, ஹிஜாப் அணிபவர் அதை அணிந்தபடி, மேலே ஹெல்மெட் வைத்து, தலைமூடியை இழுத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கண் மூடுப்பட்டால் அது மலைக்கு உதவாது. நிறத்தில் வெட்கப்பட வேண்டாம்; தேடி வருகிறவர்களுக்குத் தூரத்தில் தெரிகிற நிறமே நல்ல நிறம்.

கடைசியாக, கழுவுதல். "விலை கூடின ஜக்கெட், கழுவினா பழுதாப் போகும்" என்று பயந்து ஊத்தையோடு வைத்திருப்பவர்கள் உண்டு. மேல்துணியில் ஊத்தையும் எண்ணெயும் படிந்தால் தண்ணீர் முத்தாக உருளாது, துணியில் ஊறிவிடும், ஆவி போகிற வழி அடைபடும். மென்மையான சவர்க்காரத்தில் கழுவி, லேபிளில் சொன்னபடி குறைந்த சூட்டில் காயவைத்தால் பூச்சு மீளும். மீளாவிட்டால் புதுப்பூச்சுத் தெளிக்கலாம்.

பூச்சு எங்கே போகிறது?

அந்தப் பூச்சுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரை முத்தாக உருட்டுவதற்குப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டவை பிஎஃப்ஏஎஸ் என்ற ஃபுளோரின் சேர்மங்கள். இயற்கையில் இலகுவில் சிதையாதவை. தண்ணீரிலும் இரத்தத்திலும் தங்குபவை. 2015இல் கிரீன்பீஸ் அமைப்பு மனித நடமாட்டம் குறைந்த மலைகளுக்குப் போய்ப் பனியைச் சோதித்தபோது அங்கும் இவை இருந்தன. மலையை விரும்பிப் போகிறவரின் ஜக்கெட்டில் இருக்கிற அதே வகைப் பொருள் மலையின் பனியிலும்.

இங்கேதான் ஆர்லீன் ப்ளூம் திரும்ப வருகிறார். மலையேறி என்பதோடு அவர் ஒரு வேதியியலாளர். 1970களில் குழந்தைகளின் இரவுடுப்பில் சேர்த்த டிரிஸ் என்ற தீத்தடுப்பு இரசாயனத்தின் ஆபத்தைக் காட்டிய ஆய்வில் அவர் பங்கெடுத்தார். 1977இல் அதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. 2008இல் தொடங்கிய தன் நிறுவனத்தின் வழியாகப் பிஎஃப்ஏஎஸ்ஸுக்கு எதிராகவும் வேலை செய்துவருகிறார். பெண்ணுக்கு மலையில் இடம் கேட்டவரே, மலையுடுப்பில் என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.

கேள்விகள் பலித்தன. பிஎஃப்ஓஏ என்ற சேர்மம் 2019இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. கோர் கம்பனி 2022இல் ஃபுளோரின் இல்லாத பொலிஎதிலீன் சவ்வைக் கொண்டுவந்தது. கலிபோர்னியா 2025இலிருந்து உடுப்புகளில் பிஎஃப்ஏஎஸ்ஸைத் தடுத்தது. கடுமழைக்கான உடுப்புகளுக்கு 2028 வரை அவகாசம். ஆகவே புதிதாக வாங்குகிறவர் ‘பிஎஃப்ஏஎஸ் இல்லை’ என்ற குறிப்பைத் தேடலாம். ஒரு விஷயம்: புதுப் பூச்சுகள் எண்ணெயைப் பழையவை அளவுக்குத் தள்ளாது. அடிக்கடி கழுவ வேண்டிவரும். பரவாயில்லை, கழுவுவோம்.

எங்கள் மலைகளில் மழைக்குள் நிற்பவர்கள்

2016 மே 21இல் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சிக்குப் போனார். இலங்கையிலிருந்து அங்கே போன முதல் ஆள் ஒரு பெண். அவர் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளரும்கூட. நாங்கள் சந்தோசப்பட்டோம், இன்னும் படுகிறோம்.

ஆனால் இந்தத் தீவில் மலையில், மழையில், நாள் முழுக்க நிற்கிற பெண்கள் யார் என்று கேட்டால் பதில் மலையேறிகள் இல்லை. ஹற்றனிலும் மஸ்கெலியாவிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கிறவர்கள். பிரித்தானியர் காலத்தில் தோட்டத் துரைமார் குளிருக்கும் மழைக்கும் முரட்டுக் கம்பளி கொடுத்தார்கள். பல தோட்டங்களில் அதன் விலையைத் தொழிலாளரின் கணக்கிலேயே எழுதினார்கள். கம்பளி மழையைக் குடிக்கும், பாரமாகும். லூசி வோக்கரின் பாவாடைக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. அவருக்குச் சில நாட்கள், இவர்களுக்கு ஆயுள் முழுக்க. இண்டைக்கு இடுப்பில் பொலித்தீனோ படங்கோ சுற்றி, தலையில் ஒன்றைப் போட்டு, கூடையோடு மலைச்சரிவில் நிற்கிறார்கள். பொலித்தீன் மழையை மறிக்கும், வியர்வையையும் மறிக்கும். 1823இன் பிரச்சினை அங்கே இன்னும் தீரவில்லை.

சவ்வுத்துணி சந்தைக்கு வந்து ஐம்பது ஆண்டாகிவிட்டது. உலகக் கம்பனிகளுக்கு உடுப்புத் தைக்கிற தொழிற்சாலைகள் இங்கேயே இருக்கின்றன. அங்கே தைப்பவர்களிலும் பெரும்பாலானோர் பெண்கள். கொழுந்து பறிக்கிற பெண்ணின் உடம்பை அளந்து, அவள் குனிவதையும் எட்டுவதையும் பார்த்து, கூடைப்பட்டி எங்கே அழுத்துகிறது என்று கேட்டு ஒரு மழையுடுப்பைத் தைக்கத் தேவையான துணியும் கையும் தீவில் உண்டு. அதைக் கூலியில் கழிக்காமல் வேலைக்குரிய பாதுகாப்பு உடுப்பாகத் தோட்டக் கம்பனிகள் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை, சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட வேண்டியது.

ஜக்கெட் வாங்கப் போகிற தோழிகளுக்குச் சொல்ல மிச்சம் ஒன்றுதான். கடைக் கண்ணாடிக்கு முன்னால் வடிவாக இருக்கிறதா என்று பார்க்க முன்னம், இரண்டு கையையும் மேலே தூக்கிப் பாருங்கோ. பொருந்தாவிட்டால் பிழை உங்கள் உடம்பில் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்றும் எழுதிக் கொடுங்கோ.